படகிலிருந்து அத்தைக்கு

கிள்ளான்
1.5.1984

பாலா,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீ இருக்கிறாயா என்று தெரியாததால்தான் இந்தக் கடிதம்.

இன்றைக்குத் தொழிலாளர் தினம். பிஸ்கட் ஃபேக்டரி லீவு. கையில் மாவு இல்லாமல் பேனா பிடித்து எத்தனையோ நாளாகிறது. நியூசிலாந்திலிருந்து நீ போட்ட படத் தபால் வந்தது. மூன்று வருஷத்துக்கு மூன்று வரி. 'படகு வாங்கிவிட்டேன். மே மாதம் புறப்படுகிறோம். ரரொதொங்கா தபால் நிலையத்துக்கு எழுதுங்கள்.' அவ்வளவுதான். உன் மாமா வேலாயுதம் தன் மகளுடைய பூகோளப் புத்தகத்தை எடுத்து வந்து தேடினான். "அக்கா, இங்க ஒன்னுமே இல்லக்கா. எல்லாம் நீலமா இருக்கு" என்றான். பிறகு ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தான். அது அச்சுப்பிழையோ என்று இரண்டு பேருக்கும் சந்தேகம். அந்தப் புள்ளியைத் தவறவிட்டால் என்ன செய்வாய்? நின்று கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

புயலில் உடைந்த படகை வாங்கி நீயே ஒட்டுப்போட்டாய் என்று உன் பழைய கூட்டாளி ஒருவன் பாசாரில் சொன்னான். உடைந்ததை யாராவது வாங்குவார்களா? படகுக்குப் பெயர் ஸாண்ட்ராவாம். யார் அது?

உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலில் பெற்றவள் இல்லாமல் நின்றாய். அந்தக் கோபம் உனக்கு இருக்கும். இருக்கட்டும். ஆனால் உன்னோடு வருகிறவள் கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். அவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? இரண்டு பேரில் ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மற்றவர்தானே பார்க்க வேண்டும்? இதை யோசித்தாயா?

பதில் போடு. மூன்று வரிக்கு மேல் போடு.

அம்மா
பவுனம்மாள்


ரரொதொங்கா
2.6.1984

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

மார்க்கிரட் எழுதுகிறேன். உங்கள் கடிதம் எங்களுக்கு முன்பே இங்கே வந்து காத்திருந்தது. பாலன் இரண்டு முறை படித்தார். பிறகு என் கையில் கொடுத்து, "நீயே எழுதிரு. எனக்கு வராது" என்று எஞ்சினுக்குள் தலையைவிட்டுக்கொண்டார். நான் கான்வென்ட்டில் ஆங்கிலத்தில் படித்தவள். சனிக்கிழமைகளில் அப்பா சொல்லிக்கொடுத்த தமிழ்தான் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். ஸாண்ட்ரா, படகை எங்களுக்கு விற்ற கிழவரின் மனைவி. புயலுக்குப் பிறகு அவர் படகை விட்டார், மனைவியை விடவில்லை. படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்கிறார் பாலன். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை.

கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் தெரியாது. முதல் வாரம் முழுவதும் வாளியைக் கட்டிப்பிடித்தபடி தரையில் கிடந்தேன். குளிர், ஈரம், சத்தம். செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். பிறகு ஒரு காலையில் பசித்தது. எழுந்து சோறு வைத்தேன். அடுப்பு ஊஞ்சல்போலத் தொங்குகிறது; படகு சாய்ந்தாலும் சட்டி நேராக நிற்கிறது. அன்றிலிருந்து சுக்கானைப் பிடிக்கிறேன். அவர் தூங்கும்போது நான், நான் தூங்கும்போது அவர். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் முழுதாகப் பார்ப்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான்.

அந்தப் புள்ளியைத் தவறவிடவில்லை. சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு கருவியால் அளந்து கணக்குப் போடுகிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் தீவு கண்ணில் படும் முன்னே ஈர மண் வாசனை காற்றில் வந்தது. பிறகு மேகத்துக்குக் கீழே மலை. நான் அழுதுவிட்டேன். "அதான் சொன்னேன்ல?" என்று அவர் சிரித்தார்.

எங்கள் வீட்டிலும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. அப்பா கல்யாணத்துக்கும் "என்ன பிள்ளை, உனக்கு விசரா?" என்றுதான் கேட்டார், படகுக்கும் அதையேதான் கேட்டார். விசர் என்றால் எங்கள் வீட்டில் பைத்தியம்.

ஒன்று கேட்கலாமா? பாய் இறக்குவதில் எங்களுக்கு ஒரு சண்டை. அதன்பிறகு அவர் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சின்னப் படகில் பேசாத மனிதரைச் சுற்றி நடப்பது கஷ்டம். சிறு வயதிலும் அப்படித்தானா?

அடுத்து நியுவே தீவு. அங்கே தபால் நிலையத்துக்கு எழுதலாம்.

மார்க்கிரட்


கிள்ளான்
24.6.1984

பாலா,

இந்தக் கடிதம் உனக்குத்தான். வேறு யாராவது எடுத்துப் படித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நீ பத்திரமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். நீ எழுதித் தெரிந்துகொள்ளவில்லை. எழுத வராதாம். பள்ளிக்கூடத்தில் உனக்குக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தார்களே, அது வேறு பாலனா?

வாளியோடு கிடந்தவர்களுக்கு இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் கொடுக்கத் தெரியாதா உனக்கு? வயிறு காலியாக இருந்தால்தான் அதிகமாகக் குமட்டும். காய்ந்த ரொட்டியாவது கொடுத்திருக்கலாம். என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு டின் பிஸ்கட் அனுப்பியிருப்பேன். உடைந்தவற்றை எங்களுக்குச் சும்மாவே கொடுக்கிறார்கள்.

நீ சின்ன வயதில் எப்படி என்று ஒருவர் விசாரித்திருந்தார். விசாரித்தவரிடம் சொல். கோபம் வந்தால் நீ வாயைத் திறக்க மாட்டாய். எதையாவது கழற்றுவாய். என்னோடு சண்டை என்றால் சைக்கிள். மாமாவோடு சண்டை என்றால் அவனுடைய ரேடியோ. வீடெல்லாம் திருகாணி. அந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தொட்டாலும் ஆகாது. திரும்பப் பூட்டி முடித்ததும் தானாக எழுந்து வந்து, "என்ன சாப்பாடு?" என்பாய். அதோடு சரி. அதனால் யாரும் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டுக் கெஞ்ச வேண்டாம். ஒரு திருகாணியும் காலில் மிதிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தமிழில் பிழை அதிகம் இல்லை. 'ற'வும் 'ர'வும் மட்டும் இரண்டு இடத்தில் மாறியிருந்தது.

அம்மா


நியுவே
24.7.1984

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் 'பொறுப்பில்லாமல்' நான்தான் முதலில் படித்தேன்.

அது வருவதற்குள் எங்கள் சமாதானம் முடிந்துவிட்டது. நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது என்று படித்தபோதுதான் புரிந்தது. ரரொதொங்காவில் அவர் நங்கூரச் சங்கிலி சுற்றும் யந்திரத்தைக் கழற்றினார். நான் அது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். பூட்டிவிட்டு வந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்றார். இப்போது உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பாலனுக்குக் கொஞ்சம் சந்தேகம். கடிதத்தின் அந்தப் பக்கத்தை நான் அவருக்குக் காட்டவில்லை.

வழியில் பாமர்ஸ்டன் என்று ஒரு பவளத்திட்டில் தங்கினோம். நம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தெருவில் இருக்கிற ஜனம்கூட அங்கே இல்லை. கப்பல் எப்போதாவது வரும். படகு வந்தால் எந்த வீட்டார் முதலில் எதிர்கொள்கிறார்களோ அவர்கள் வீட்டு விருந்தாளி நாம். எங்களை அழைத்துப் போன வீட்டம்மா மீன் வறுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பாலன் அவர்களுடைய தையல் மிஷினையும் பள்ளிக்கூட ஜெனரேட்டரையும் ரிப்பேர் செய்து கொடுத்தார். கோபமில்லாமலும் அவருக்குக் கழற்ற வரும் என்று தெரிந்தது. புறப்படும் நாளில் அந்த அம்மா, "உன் மாமியார் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நன்றாகக் கடிதம் எழுதுவார்" என்றேன்.

இந்த நியுவேயில் துறைமுகமே கிடையாது. கரை முழுவதும் பாறை. பெரிய படகைத் தள்ளி நிறுத்திவிட்டுச் சின்னத் துடுப்புப் படகில் வருகிறோம். அலை அடித்துவிடும் என்பதால் அதை அப்படியே பாரந்தூக்கியில் மாட்டி மேலே தூக்கிவிடுகிறார்கள். வேலாயுதம் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அல்லவா, அவரிடம் சொல்லுங்கள். இங்கே மனிதர்களையும் கிரேனில்தான் இறக்குமதி செய்கிறார்கள்.

அடுத்து டோங்காவில் வவாவூ. இரண்டு மூன்று நாள் ஓட்டம்தான் என்கிறார்.

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் தயங்குகிறேன். எங்கள் வீட்டில் மாமி என்போம். எழுதலாமா?

மார்க்கிரட்


கிள்ளான்
16.8.1984

மார்க்கிரட்டுக்கு,

மாமி வேண்டாம். எங்கள் பக்கம் அப்பாவின் கூடப்பிறந்தவளுக்கும் மாமியாருக்கும் ஒரே சொல்தான். அத்தை என்று எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி எடுக்க வேண்டும் என்று வேலாயுதத்திடம் சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டு பிரிக்பீல்ட்ஸிலேயே இறங்கிவிட்டேன். உன் அப்பா சிவசம்பு வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போனேன். வாசலில் நின்ற என்னை அவர் யாரோ சந்தா கேட்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். "நான் பாலனோட அம்மா" என்றேன். மனுஷர் பாதி திறந்த கதவை முழுசாகத் திறந்தார். பிறகு, "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று தோளில் துண்டைத் தேடினார்.

என்ன பேசுவது? இரண்டு பேரும் உங்கள் கல்யாணத்தை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர் முன்னறைச் சுவரைக் காட்டினார். உலகப் படம் ஒன்று மாட்டி, நீங்கள் போகிற இடமெல்லாம் குண்டூசி குத்தியிருக்கிறார். ரயில்வேயில் இருந்த மனுஷர் அல்லவா, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராதாம். நியுவேயில் ஊசி குத்த இடமே இல்லை, தீவு ஊசித் தலையைவிடச் சின்னது என்றார். உன் கடிதங்கள் எனக்கு வருவதைப்போல அவருக்கு நீளமாக வருவதில்லை போலிருக்கிறது. என்னுடையதில் இரண்டு பக்கம் படித்துக் காட்டினேன். வாளி விஷயத்தைப் படிக்கவில்லை.

நான் கிளம்பும்போது, "உங்கட மகன் கெட்டிக்காரன். எண்டாலும் கொஞ்சம் விசர்" என்றார். "உங்க மகளும் அப்படித்தான்" என்றேன். சிரித்துவிட்டார்.

பாலன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

அத்தை


நெயாஃபு, வவாவூ
8.8.1984

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

முதலில் இதைப் படியுங்கள்: பாலன் நன்றாக இருக்கிறார். என் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். நியுவேயிலிருந்து எழுதியதற்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை; அதற்குள் இதை எழுதுகிறேன்.

நியுவேயை விட்ட மறுநாள் மத்தியானம் காற்று பின்னாலிருந்து பலமாக அடித்தது. பெரிய பாயின் அடியில் நீளமாக ஒரு கட்டை உண்டு, பூம் என்பார்கள். அது குறுக்கே பாயாமல் இருக்க ஒரு கயிறு கட்டியிருந்தோம். ஒரு பெரிய அலை படகைத் திருப்பிய வேகத்தில் கயிறு அறுந்தது. கட்டை முழு வேகத்தோடு வீசி அவர் தோளிலும் தலையிலும் அடித்தது. விழுந்தார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் கடலுக்குள் போகவில்லை.

கழுத்துப்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. கொஞ்ச நேரம் என்னையே அடையாளம் தெரியவில்லை. அவரைக் கீழே இழுத்துப் போய்ப் படுக்கையோடு சேர்த்துக் கட்டினேன். பெரிய பாயை இறக்கினேன். எப்படி இறக்கினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. முன்பக்கத்துச் சின்னப் பாயை மட்டும் வைத்து ஓட்டினேன். செபமாலை சொல்லத் தொடங்கி, பாதியில் செபத்தை விட்டுவிட்டு, அடுத்து என்ன கயிறு, எந்தப் பக்கம் என்று சத்தமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நடுநடுவே அவர் கீழேயிருந்து, "எங்க இருக்கோம்?" என்பார். "வந்துட்டோம்" என்பேன். பொய்தான்.

தீவுகள் தெரிந்தபோது இருட்டத் தொடங்கியது. பாறை இருக்கிற இடத்தில் இருட்டில் நுழையக் கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் வெளியிலேயே முன்னும் பின்னும் ஓட்டிக் காத்திருந்தேன். வைத்தியர் இவ்வளவு அருகில் இருக்க, உள்ளே போகாமல் நிற்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. விடிந்ததும் ஒரு மீன்பிடிப் படகு வழிகாட்டியது.

இரண்டு பேரில் ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மற்றவர்தானே பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பார்த்துக்கொண்டேன், அம்மா.

மார்க்கிரட்


கிள்ளான்
20.9.1984

அன்புள்ள மார்க்கிரட்,

உன் கடிதம் கிடைத்த அன்று நான் ஃபேக்டரிக்குப் போகவில்லை. தபாலாபீசுக்கு ஓடித் தந்தி கொடுத்தேன். 'பாலன் நலம், நடக்கிறார்' என்று உன் பதில் வரும்வரை சோறு இறங்கவில்லை. அவன் அங்கே எலும்பு முறிந்து கிடந்தபோது நான் இங்கே உன் அப்பாவோடு உட்கார்ந்து ஊசி எத்தனை, தீவு எத்தனை என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். 

நீ செய்ததைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் கண் மறைக்கிறது. வேலாயுதம் உன் கடிதத்தைத் துறைமுகத்துக்கு எடுத்துப்போய் அங்கிருந்த கப்பல்காரர்களிடம் சொல்லியிருக்கிறான். வெளியே காத்திருந்ததைக் கேட்டுவிட்டு ஒரு கிழவர், "அந்தப் பொண்ணு யாரு? கப்பல்ல வேலை செய்யுதா?" என்றாராம். "டைப்பிஸ்ட் லா" என்றானாம் இவன்.

அதற்குப் பிறகு பாலனே எனக்கு எழுதினான். முழுசாக ஒரு பக்கம். படகை அங்கேயே விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிடலாம் என்றிருக்கிறானாம். மாமாவிடம் சொல்லித் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்கச் சொன்னான். நான் அந்தத் தாளைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் வேறென்ன கேட்டேன்? வேலாயுதம் பேசிவிட்டான். புது வருஷத்திலிருந்து சேரலாம் என்கிறார்கள். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அது உங்கள் இரண்டு பேருக்கும்தான். மாதா படம் மாட்ட ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் வாருங்கள்.

அத்தை


வவாவூ
10.10.1984

அன்புள்ள அத்தைக்கு,

எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

பாலன் உங்களுக்கு அப்படி எழுதினார் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டேன். "உனக்காகத்தான். இனிமே உன்னை அந்த மாதிரி விட மாட்டேன்" என்றார். எனக்காக என்றால் என்னிடம் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அவர் படகில் கால் வைப்பதில்லை. கரையில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறோம். நான்தான் தினமும் துடுப்புப் போட்டுப் போய் ஸாண்ட்ராவைக் கழுவி, தண்ணீர் இறைத்துவிட்டு வருகிறேன். அவர் ஜன்னல் இல்லாத பக்கமாக உட்காருகிறார். கூரைத் தகரத்தில் காற்று அடித்தால் எழுந்து நிற்கிறார். கோபப்பட்டாவது எதையாவது கழற்றுவார் என்று காத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் ஒரு வாரமாகக் கிளம்பாமல் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் நடக்கிறார். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

எனக்குப் படகை விற்க மனமில்லை, அத்தை. இதை உங்களிடம் சொல்வது எவ்வளவு தவறு என்று தெரியும். மகன் வரப்போகிறான் என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர் நீங்கள். நீங்கள் இரண்டு பேரும் வா என்றால் வருகிறேன். அந்த முன்னறையில் சந்தோஷமாகவே இருப்பேன்; அது பொய் இல்லை. ஆனால் என்னைக் கேட்காமலே முடிவாகிவிட்டதே என்று உள்ளே ஒன்று அறுத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு இங்கே ஒருவரும் இல்லை. அங்கேயும் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

மார்க்கிரட்


கிள்ளான்
28.10.1984

மார்க்கிரட்,

தீபாவளி முடிந்து மூன்று நான்கு நாள் உன் கடிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் உன்மேல் கோபம். மறுநாள் அவன்மேல். பிறகுதான் நிதானம் வந்தது.

பாலனுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவனிடம் படித்துக் காட்டு.

நாங்கள் கேரித் தீவுத் தோட்டத்தில் இருந்தோம். அப்போது பாலம் கிடையாது. லங்காட் ஆற்றைப் படகில்தான் தாண்ட வேண்டும். பாலன் பிறப்பதற்கு முந்தின வருஷம் சாமான் ஏற்றி வந்த படகு ஒன்று நடு ஆற்றில் கவிழ்ந்தது. அவன் அப்பா பக்கிரிசாமி அதில் இருந்தார். கட்டையைப் பிடித்துத் தப்பித்தார். அதற்குப் பிறகு அவர் எந்தப் படகிலும் ஏறவில்லை. தன் கூடப்பிறந்தவள் கல்யாணம் கிள்ளானில் நடந்தது, போகவில்லை. பாலன் கட்டுரைக்குப் பரிசு வாங்கியதும் கிள்ளானில்தான். அதற்கும் வரவில்லை. "பக்கிரிக்கு தீவு பிடிச்சுப்போச்சு" என்று எல்லாரும் சொல்வார்கள். பையனும் அப்படியே நம்பி வளர்ந்தான். நாங்கள் கிளம்பும்போது படகுத்துறை வரைக்கும் வருவார். நாங்கள் அக்கரையில் ஏறியதும் துறையிலேயே நின்று கையைத் தூக்குவார். அவ்வளவுதான் அவருடைய கிள்ளான். செத்ததும் தீவிலேதான்.

நல்ல மனுஷர். கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. ஆனால் கையைத் தூக்கிவிட்டுத் திரும்பி நடக்கும்போது அந்த முதுகை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகன் வீட்டுக்கு வர வேண்டும். அதில் எனக்கு மாற்றமே இல்லை. உன் அப்பாவின் படத்தில் அடுத்து இருப்பது ஃபிஜி. அது வரைக்கும் அவன் ஓட்டிக்கொண்டு போகட்டும். அங்கே போனபிறகு வேண்டாம் என்றால் விற்கட்டும், வரட்டும். அப்போது வருகிறவன் பாலன். இப்போது வந்தால் வருகிறவர் அவன் அப்பா. இன்னொரு தடவை அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வேலாயுதத்திடம் சொல்லிவிட்டேன், ஒர்க்‌ஷாப் வேலையை வேறு பையனுக்குக் கொடுக்கட்டும் என்று. அவன் என்னைப் பைத்தியம் என்கிறான். உன் அப்பா ஊர் வார்த்தையில் விசர்.

இதை எழுதிவிட்டு அழுதேன் என்று நீ நினைத்தால் சரிதான்.

அத்தை


சுவா, ஃபிஜி
2.12.1984

அன்புள்ள அத்தைக்கு,

சுவா வந்துவிட்டோம். ஸாண்ட்ராவில்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். படகு கவிழ்ந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அப்பா ஆத்துல விழுந்தாரா? எனக்கு யாருமே சொல்லலையே" என்றார். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார். முடித்ததும் வெளியே போய் நின்றார். நான் பின்னால் போகவில்லை.

மறுநாள் காலை துடுப்புப் படகைக் காணவில்லை. கரையில் நின்று பார்த்தேன். ஸாண்ட்ராவின் மேல்தளத்தில் நின்றுகொண்டு பூம் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். மத்தியானம் ஒரு மீன்காரர் படகில் நானும் போனேன். தண்ணீர் பம்ப் அக்குவேறு ஆணிவேறாக அறை முழுவதும் கிடந்தது. நான் திருகாணிகளை மிதிக்காமல் தாண்டிப் போய்ச் சோறு வைத்தேன். சாயங்காலம், "என்ன இருக்கு?" என்றார். பிறகு, "விக்கறதப் பத்தி உன்னக் கேட்டிருக்கணும்" என்றார். அதற்குமேல் அவருக்கு வராது. எனக்கு அது போதும்.

பயணம் சுலபமாக இல்லை. வழியெல்லாம் பவளப்பாறைகள். முதல் நாள் பாய் படபடத்தபோதெல்லாம் அவர் குனிந்தார். கட்டைக்கு இரட்டைக் கயிறு கட்டினார், பிறகு மூன்றாவதும் கட்டினார். சுக்கானை நானே வைத்துக்கொண்டேன். நடுவழியில் மழையோடு காற்று வந்தது. கை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து, "தள்ளு. நீ போய் படு. நான் பாத்துக்கறேன்" என்றார். படுத்தேன். தூங்கவில்லை. அவர் சீட்டியடிப்பது கேட்டது. அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன்.

இனி புயல் காலம். ஏப்ரல் வரைக்கும் இங்கேதான். ஒரு படகுப் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. விற்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இங்கே பாசாரில் கறிவேப்பிலை விற்கிற கிழவி என் பொட்டில்லாத நெற்றியை உற்றுப் பார்த்து, "தமிழா?" என்றார். ஆமாம் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினார். எல்லாம் ஹிந்தி. தமிழில் அந்த ஒரு சொல்தான் மிச்சம் போலிருக்கிறது.

பொங்கலுக்கு நீங்கள் வர வேண்டும், அத்தை. பாஸ்போர்ட் எடுக்க அப்பா உங்களுக்குத் துணையாக வருவதாக எழுதியிருக்கிறார். கடிதத்தின் அடியில் பாலன் ஏதோ எழுத வேண்டுமாம். இடம் விடுகிறேன்.

மார்க்கிரட்

அம்மா, வாங்க. பிஸ்கட் கொண்டு வாங்க. பாலன்.


கிள்ளான்
10.2.1985

அன்புள்ள மருமகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சுபாங் விமான நிலையத்தில் வேலாயுதமும் உன் அப்பாவும் நின்றார்கள். பெட்டியை எடுக்கும் முன்பே உன் அப்பா, "ரீஃபுக்கு வெளியில கொண்டு போனவையோ?" என்று கேட்டார். போனோம் என்றேன். "பயமாயிருந்ததோ?" இருந்தது என்றேன். அவருக்குப் பரம திருப்தி.

அங்கே வாய்விட்டுச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பவளப்பாறையைத் தாண்டின உடனே படகு எழும்பிச்சே, அப்போது குடல் வாய்க்கு வந்தது உண்மை. வாளியை நீ ஏற்கெனவே என் பக்கத்தில் வைத்திருந்தாய். ஆனால் தலை தூக்கிப் பார்த்தபோது என் மகன் பாயைப் பார்த்தபடி நின்றான். நீ சுக்கானில் இருந்து, "பாலன், அந்தக் கயிறு இல்ல, இந்தப் பக்கம்! சீக்கிரம்!" என்று கத்தினாய். அவன் மறுபேச்சில்லாமல் ஓடினான். எங்கள் ஃபேக்டரி சூப்பர்வைசருக்குக்கூட அந்தக் குரல் கிடையாது. நான் இருபத்தெட்டு வருஷமாகக் கூப்பிட்டும் அவன் அப்படி ஓடி வந்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாந்தி வந்ததும் சிரிப்பினால்தான் என்று வைத்துக்கொள்.

ஊஞ்சல் அடுப்பில் பொங்கல் பொங்கியது எந்தப் பக்கம் என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். எல்லாப் பக்கமும்தான் என்று சொல்லிவிட்டேன்.

மே மாதம் வனுவாட்டுத் தீவுகளுக்குப் போகப்போவதாகப் பாலன் சொன்னான். போங்கள். எந்த ஊர் தபால் நிலையம் என்று மட்டும் முன்கூட்டியே எழுது. உன் அப்பாவுக்கும் ஊசி குத்த வேண்டும். முன்னறை காலியாகவே இருக்கும், அவசரமில்லை.

நேற்று ஃபேக்டரியில் தங்கமணியும் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

"மகன் வீட்டுக்குப் போய்ட்டு வந்தீங்களாக்கா?"

"இல்ல. மருமக வீட்டுக்கு" என்றேன்.

"வீடு பெருசா?"

"உள்ள பத்து எட்டு வச்சா முடிஞ்சிரும். வாசல்தான் கண்ணுக்கெட்டுன வரைக்கும்."

உன் அத்தை
பவுனம்மாள்